எரிமலைச் சுற்றுலா: கைடு கூட வந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறையில் எரிமலை பார்த்துவிட்டு வருவது பற்றி உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைடு கூடவே வருவதால் பயம் வேண்டாம் என்று போகிற போக்கில் ஒரு வரி வந்திருக்கிறதே, அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கைடுக்குப் பாதை தெரியும், எங்கே கால் வைத்தால் சரியும் என்று தெரியும், புகை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். அடுத்த பத்து நிமிடத்தில் அந்த மலை என்ன செய்யப்போகிறது என்பது அவருக்கும் தெரியாது.

நியூசிலாந்தின் வக்காரி தீவு 2019 டிசம்பர் 9 அன்று வெடித்தபோது அங்கே 47 பேர் இருந்தார்கள். 22 பேர் இறந்தார்கள், அவர்களில் கைடுகளும் உண்டு. வெடிப்பதற்கு மூன்று வாரம் முன்பே அங்கே எச்சரிக்கை நிலையை 2-க்கு உயர்த்தியிருந்தார்கள். ஐந்துக்கு இரண்டுதானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் அந்த நாட்டு அளவுகோலில் 3-இலிருந்து மேலே எல்லாம் வெடித்துக்கொண்டிருக்கும் மலைக்கு உரியவை, அதாவது வெடிப்புக்கு முன்னால் எட்டக்கூடிய உச்ச நிலையே 2 தான். டிக்கெட் வாங்கும் இடத்தில் இதை யார் நமக்கு விளக்குகிறார்கள்?

ஜப்பானின் ஒன்டாகே இன்னும் மோசம். 2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை, நண்பகலை ஒட்டிய நேரம், இலையுதிர்கால வண்ணம் பார்க்க மலை முழுக்க ஆட்கள். அன்றைய எச்சரிக்கை நிலை 1, அதற்கு அப்போது இருந்த விளக்கம் 'இயல்பு நிலை'. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 63 பேர். அதற்குப் பிறகுதான் அந்த விளக்கத்தையே மாற்றி, இது உயிருள்ள எரிமலை என்பதை மனதில் வையுங்கள் என்ற பொருளில் எழுதினார்கள்.

இந்த இரண்டிலும் ஆளைக் கொன்றது சிவப்பாக ஓடும் லாவா இல்லை. மலைக்குள் தேங்கியிருக்கும் தண்ணீர் அடியிலிருந்து வரும் சூட்டில் திடீரென்று நீராவியாகி, மேலே இருக்கும் பாறையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருகிறது. லாவா மேலே ஏறி வந்தால் நிலம் உப்பும், நடுக்கம் கூடும், கருவிகளில் பெரும்பாலும் முன்கூட்டியே தெரியும். நீராவி வெடிப்பில் அந்த அவகாசம் பல நேரம் கிடைப்பதில்லை. அதனால் லேசாகப் புகைந்துகொண்டு சாதுவாக இருக்கும் மலைவாயைப் பார்த்து, இது ஒன்றும் செய்யாது என்று விளிம்பில் நின்று செல்ஃபி எடுப்பதுதான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

போகவே கூடாது என்று சொல்லவில்லை, நானும் போனவன்தான். நான் போன குழுவில் புகை எங்கள் பக்கம் திரும்பியதும் கைடு பாதி வழியிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார். கொடுத்த காசுக்கு உச்சியைக் காட்டவில்லையே என்று சிலர் அவரிடம் சண்டைக்கே போய்விட்டார்கள்! என்னைக் கேட்டால் அவர்தான் நல்ல கைடு. இத்தாலியின் ஸ்ட்ராம்போலியில் 2019 ஜூலையில் நடந்த பெரிய வெடிப்பில் மலையேறிய ஒருவர் இறந்தார். முன்பு உச்சி வரை கூட்டிப்போன இடத்தில் இப்போது கைடோடு போனாலும் 400 மீட்டர் உயரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்தும் இருட்டியதும் தீப்பொறி நன்றாகவே தெரியும், படகிலிருந்தும் பார்க்கலாம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பணம் கட்டும் முன் டூர் கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள்: இன்றைய எச்சரிக்கை நிலை என்ன, எந்த நிலையில் பயணத்தை ரத்து செய்வீர்கள், அதை முடிவு செய்வது யார், ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வருமா? பதிலில் மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம், ஆஸ்துமாவோ இதய நோயோ இருப்பவர்கள் கந்தகப் புகையை விளையாட்டாக எடுக்க வேண்டாம், துணி மாஸ்க் அந்த வாயுவைத் தடுக்காது. ஜப்பானின் ஆசோ மலைவாய்க்கு இவர்களை அனுமதிப்பதே இல்லை, வாயு கூடினால் மற்றவர்களுக்கும் வழியை மூடிவிடுகிறார்கள்.

அனுமதி கிடைக்கிறது என்பதை மட்டும் நம்பவும் முடியாது. இந்தோனேசியாவின் மராபியில் மலைவாயிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் போக வேண்டாம் என்று கண்காணிப்பு மையம் சொல்லியிருந்தும், ஏறுவதற்கு அனுமதி கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 2023 டிசம்பர் 3 அன்று அது வெடித்ததில் மலையேறியவர்கள் 24 பேர் இறந்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போடும்போது, ஹோட்டல் விவரம் போடுகிற பெட்டியிலேயே அந்த மலையைக் கண்காணிக்கும் மையத்தின் பெயரையும் போடுங்கள். நியூசிலாந்துக்கு ஜியோநெட், ஜப்பானுக்கு அந்நாட்டு வானிலை முகமை, இத்தாலிக்கு ஐஎன்ஜிவி. இரண்டு வரி இடம்தான் பிடிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்