டிரைவை நான்காகப் பிரிக்கப் போகும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

கணினி விண்டோஸுக்குள் போகாமல் ரிப்பேர் திரையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, ரெகவரி மோடிலிருந்தே டிரைவை முழுதாக அழித்து நான்காகப் பிரித்துவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அழிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான்காகப் பிரிப்பதில்தான் உடன்பாடு இல்லை. இதே யோசனையோடு வேறு சிலரும் இருப்பார்கள் என்பதால் பொதுவிலேயே பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். ரெகவரி திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் வழியாகப் போனால் கமாண்ட் பிராம்ப்ட் இருக்கும். அந்தக் கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள், நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல், ஓபன் கொடுத்து, கீழே 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் உங்கள் கோப்புறைகள் எல்லாம் தெரியும். அங்கிருந்தே காப்பி செய்து வெளி டிரைவில் ஒட்டிவிடலாம். விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் பூட்டியிருந்தால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும், கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

டிரைவ் எழுத்துகளை மட்டும் நம்பிவிடாதீர்கள். ரெகவரி மோடில் எழுத்துகள் புதிதாகப் பங்கிடப்படுகின்றன. நீங்கள் சி என்று நினைப்பது அங்கே டி ஆக நிற்கலாம். எக்ஸ் என்று ஒன்று தெரியும். அது ரெகவரி தனக்காக நினைவகத்தில் விரித்துக்கொண்ட இடம், உங்களுடையது அல்ல.

இன்னொன்று. டிரைவை முழுதாகத் துடைத்தால் அதற்குள் இருக்கும் ரெகவரி பார்ட்டிஷனும் (ரெகவரிக்கென்று பிரித்து வைத்த பகுதி) சேர்ந்து போய்விடும். விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பி கையில் இல்லாமல் இதைத் தொடங்குவது நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற வேலை. வேறொரு கணினியில், 8 ஜிபிக்குக் குறையாத யூஎஸ்பியில், அதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள்.

இனி டிஸ்க்பார்ட், அதே கறுப்புத் திரையில் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால் திறக்கும் டிரைவ் பிரிக்கும் கருவி. கோப்புகளை எடுத்த வெளி டிரைவை முதலில் பிடுங்கிவிடுங்கள். பிறகு 'லிஸ்ட் டிஸ்க்' கொடுங்கள். பெயர் எதுவும் வராது, எண்ணும் அளவும்தான் வரும். உங்கள் 1 டிபி டிரைவ் 931 ஜிபி என்று காட்டும். களவு ஒன்றும் போகவில்லை, தயாரிப்பாளர் ஆயிரத்தால் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது. 'செலக்ட் டிஸ்க் 0' கொடுத்தபின் மீண்டும் ஒருமுறை 'லிஸ்ட் டிஸ்க்' தட்டுங்கள். தேர்ந்தெடுத்த வரியின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி நிற்கும். அது 931க்கு முன்னால் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் டிரைவைத் துடைக்கும் 'கிளீன்'. ஏனென்றால் அந்தக் கட்டளை 'நிச்சயமா?' என்று கேட்காது. என்டர் தட்டினால் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பிறகு 'கன்வர்ட் ஜிபிடி', பார்ட்டிஷன் பட்டியலை இன்றைய முறைக்கு மாற்றும் கட்டளை. கையால் பார்ட்டிஷன் போடுவதென்றால் அளவை எம்பியில் கொடுக்க வேண்டும்: 200 ஜிபிக்கு 204800. வெறும் 200 என்று தட்டினால் 200 எம்பிதான் கிடைக்கும்.

ஆனால் கையால் போடவே வேண்டாம் என்பேன். யூஎஸ்பியிலிருந்து விண்டோஸ் நிறுவும்போது காலி இடத்தைக் காட்டி நெக்ஸ்ட் கொடுத்தால் போதும், கணினி கிளம்புவதற்கான சிறிய இஎஃப்ஐ பார்ட்டிஷன் முதற்கொண்டு எல்லாவற்றையும் நிறுவும் நிரலே போட்டுக்கொள்ளும்.

இந்த நான்கு கணக்கு எங்கிருந்து வந்தது, அண்ணா? டிரைவில் கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபேட்16 காலத்தில் ஒரு பார்ட்டிஷன் 2 ஜிபியைத் தாண்ட முடியாது. பெரிய டிரைவைப் பிரித்தே தீர வேண்டும். அந்தக் கட்டாயம் போய்ப் பல காலம் ஆகிறது, பழக்கம் மட்டும் போகவில்லை. சி நிரம்பி மூச்சுத் திணறும்போது, எஃப்-இல் 150 ஜிபி சும்மா கிடக்கும். அதை எடுத்து சி-யில் சேர்க்கவும் முடியாது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டில் சி-யை நீட்ட, அதை ஒட்டி அடுத்தாற்போல் காலி இடம் இருக்க வேண்டும். நடுவில் டி-யும் இ-யும் உட்கார்ந்திருக்குமே.

"விண்டோஸ் கெட்டாலும் டி பிழைக்கும்" என்பீர்கள். அது உண்மைதான், அதற்காக இரண்டாகப் பிரித்தால் நான் தடுக்க மாட்டேன். ஆனால் டிரைவே செத்தால் நான்கும் ஒன்றாகவே போகும். டி-யில் போட்டு வைத்ததை பேக்கப் என்று சொல்லாதீர்கள்.

குயிக் ஃபார்மட்டே போதும். முழு ஃபார்மட் டிரைவ் முழுவதும் பூஜ்ஜியம் எழுதும். பழைய சுழலும் டிஸ்க்கில் பல மணி நேரம் பிடிக்கும், எஸ்எஸ்டி-யில் தேவையும் இல்லை.

யூஎஸ்பியிலிருந்து நிறுவும்போது டிரைவே பட்டியலில் வராமல் போனால் செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில இன்டெல் மடிக்கணினிகளில் சேமிப்பகத்துக்கான டிரைவரை (வன்பொருளை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் நிரல்) தனியாக ஏற்றினால்தான் அது கண்ணில் படும். உங்கள் மாடலுக்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி அதே யூஎஸ்பியில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் எதையும் தட்டாமல் என்னைக் கூப்பிடுங்கள்.

அன்புடன்,
தம்பி