அஞ்சலி விளம்பரத்தில் அவர் வேலை செய்த தோட்டத்தையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளேட்டின் கண்ணீர் அஞ்சலிப் பக்கத்தில் தோட்டத்து அம்மாக்கள், பாட்டிமார் படங்கள் நிறைய வருகின்றன. தோற்றம், மறைவு, நான்கு வரிக் கவிதை, பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள். அவர் எந்தத் தோட்டத்தில் பிறந்தார், என்ன வேலை செய்தார் என்பதற்கு ஒரு வரிகூட இருப்பதில்லை. படத்தை மாற்றி வைத்தாலும் பொருந்திவிடுகிற அஞ்சலி எந்தத் தாய்க்கும் போதாது.

பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிகிறது. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டமான தென்னமாரம் 1917இல் தொடங்கியது இங்கேதான். அதைத் தொடங்கிய ஹென்றி ஃபொகோனியே பெயர் வரலாற்றில் நிற்கிறது. அங்கே உதிரிப்பழம் பொறுக்கிய, உரம் போட்ட, புல் வெட்டிய பெண்களின் பெயரைத் தேடினால், அவர்கள் குடும்பங்களில்தான் தேட வேண்டும். லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்து, ஆட்கள் ஊர் மாறிப் போன தோட்டங்களில் அதுவும் கடினம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டில் அச்சாகும் நாளேடுகள் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டியவை. ஆகவே இந்தப் பக்கத்தில் அச்சான வரியைப் பின்னாளில் ஒருவர் தேடி எடுக்க வழி உண்டு. வாட்ஸ்அப்பில் சுற்றும் அஞ்சலிப் படம் கைபேசி மாறினால் போய்விடும்.

மரண அறிவிப்பு சில மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டியது. வீட்டில் அழுகையும் அலைச்சலுமாக இருக்கும்போது வாழ்க்கைக் குறிப்பு எழுத முடியாது. அதனால்தான் எல்லாரும் கடையில் இருக்கும் மாதிரியை எடுத்துக்கொள்கிறார்கள். அன்றைக்குச் சுருக்கமாகக் கொடுங்கள். கருமக்கிரியை அறிவிப்புக்கும் முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கும் நாள் இருக்கிறது. அதைவிட நல்லது, பாட்டி நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்பது.

எந்த வருஷம் என்று கேட்டால் பதில் வராது. "பெரியவன் பிறந்தப்போ எந்தத் தோட்டம், எந்த லயம், பெரட்டுக்கு யாரு கங்காணி?" என்று கேட்டால் கடகடவென்று வரும். (பெரட்டு என்பது வேலைக்கு முன் காலையில் ஆள் கணக்கெடுப்பது.) ஜப்பான்காரன் காலம், 1948இல் தொடங்கிய அவசரகாலம், 1957 மெர்டேகா, 1969 கலவரம் ஆகியவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டும் ஆண்டைப் பிடிக்கலாம். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களை வயது வரிசையில் அடுக்குங்கள். ஒவ்வொன்றிலும் பிறந்த இடம் இருக்கும். குடும்பம் தோட்டம் மாறிய பாதை ஓரளவு அதிலேயே தெரிந்துவிடும். ஊழியர் சேமநிதி 1951இல் வந்தது. பழைய சேமநிதிக் கணக்குத் தாள் இருந்தால் முதலாளி யார் என்பதற்கு அதுவும் சான்று.

அடையாளக் கார்டை மட்டும் நம்ப வேண்டாம். இப்போதைய 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டு பிறந்த மாநிலம், பேராக் 08, சிலாங்கூர் 10. ஆனால் பிறப்புப் பத்திரம் இல்லாதவர்களுக்கு, கார்டு பதிந்தபோது சொன்ன உத்தேச வயதே தேதியாக நின்றுவிட்டது. சந்தேகம் இருந்தால் ஆண்டை மட்டும் போடுங்கள். பெயரிலும் இதே சிக்கல்தான். கார்டில் இருக்கும் பெயரை லயத்தில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கூப்பிட்ட பெயரையும் சேர்த்துப் போடாவிட்டால், கூட வேலை செய்தவர் படத்தைப் பார்த்தும் யாரென்று தெரியாமல் பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஊர்ப் பெயரும் அப்படியே: பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது, தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது. இரண்டு பெயரும் வேண்டும். தோட்டத்தோடு அதன் உட்பிரிவான டிவிஷனையும் எழுதுங்கள்.

வேலையைப் பற்றி "தோட்டத் தொழிலாளியாக உழைத்தார்" என்று முடித்துவிடாதீர்கள். பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர் என்றால் அது கைத்தொழில். விடியற்காலையில் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் குறைந்துவிடும். அதனால்தான் இருட்டில் எழுந்து சமைத்து வைத்து, கைக்குழந்தையைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, தலையில் விளக்கோடு போனார்கள். ஒவ்வொரு முறையும் பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்குத்தான் சீவ வேண்டும். மரத்துக்குள் கத்தி போகும் ஆழம் குறைந்தால் பால் சரியாக வராது. ஆழம் கூடிக் கட்டையில் கத்தி பட்டால் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. இந்தக் கணக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு 400, 500 மரம் வெட்டி, திரும்பி வந்து மங்குகளில் (பால் பிடிக்கும் கிண்ணங்களில்) இருந்த பாலைச் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்தார்கள். மழை பிடித்தால் பால் மங்குக்கு வராமல் பட்டையில் வழிந்து போகும், அன்றைய கூலியும் அதோடு போகும். பேரப்பிள்ளைகளுக்கு இது தெரிய வேண்டும். மகள் தொழிற்சாலை பஸ் ஏறிய பிறகு பேரப்பிள்ளைகளை வளர்த்ததும் அவர்தான். எத்தனை பேரை, எந்த வீட்டில் வைத்து வளர்த்தார் என்பதும் வேலைக் கணக்கில் சேரட்டும்.

படம்: கார்டுப் படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடும். பழைய படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், சன்னல் வெளிச்சத்தில் நேராகப் பிடித்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

இடத்துக்குக் காசு என்பது உண்மைதான். கவிதையை எடுத்துவிட்டால் அதே இடத்தில் இவ்வளவு எழுதலாம்: "இன்ன தோட்டம், இரண்டாவது டிவிஷனில் பிறந்தவர். மணமாகி இன்ன தோட்டம் வந்து, மூத்த மகள் பிறந்த ஆண்டிலிருந்து தோட்டம் துண்டாடி விற்கப்படும்வரை பால் மரம் வெட்டியவர். ஐந்து பிள்ளைகளையும் ஒன்பது பேரப்பிள்ளைகளையும் வளர்த்தவர்."

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோன பிறகு நமக்கு இருக்கும் நாளேடுகள் சில. அஞ்சலி விளம்பரப் படிவத்தில் பிறந்த தோட்டம், வேலை செய்த தோட்டங்கள், செய்த வேலை என மூன்று கட்டங்களைச் சேர்த்து, அந்த மூன்று வரிக்கு மட்டும் கட்டணம் வாங்காமல் விடுங்கள். கட்டம் இருந்தால் குடும்பத்தார் கட்டாயம் நிரப்புவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்