கதவை எடுத்துவிடு, தங்கச்சி

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் துணிக்கடைக்கு வரைந்து வாங்கிய லோகோ வந்து சேர்ந்தது. "மனசுல பட்டதைச் சொல்லுங்கண்ணே" என்று எழுதியிருந்தாய். 'சூப்பர்' என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அதைத்தான் போட்டிருப்பார்கள். ஆனால் நீ அடுத்து லேபிள் நெய்யக் கொடுக்கப் போகிறாய். காசு போகிற விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கதவு. செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டு நிலைக்கதவு, மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் தூண், அடியில் ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூ, நடுவில் கடைப் பெயர். வரைந்தவருக்குக் கை நன்றாக ஓடுகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் காரைக்குடிக் கடைத்தெருவில் ஒரு சுற்று வந்து பார். மசாலாப் பொட்டலத்தில் அந்தக் கதவு, முறுக்கு டப்பாவில் அந்தக் கதவு, ஓட்டல் போர்டில் அந்தக் கதவு. உன் சட்டையைக் கையில் எடுக்கிறவருக்குத் துணி ஞாபகம் வருவதற்கு முன்னால் சீப்புச் சீடை ஞாபகம் வந்துவிடும்.

அப்புறம் அளவு. நீ போன் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறாய். சட்டைக் காலரில் போகிற லேபிள் இரண்டு அங்குல அகலம் இருந்தாலே பெரிது. அந்த அளவுக்குச் சுருக்கிக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்தேன். கஜலட்சுமியின் யானைகள் இரண்டும் இரண்டு கரும்பொட்டுகளாகிவிட்டன. பெயர் அதைவிட மோசம். தமிழில் எழுதியிருக்கிறாய், அது எனக்குப் பிடித்தது. ஆனால் அந்த வளைவு எழுத்தில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொண்டன, 'ம்' மேல் இருக்கிற புள்ளி எழுத்தோடு ஒட்டி 'ம' ஆகிவிட்டது. இது காகிதத்தில். நெய்கிற லேபிளில் கோடு என்பதே நூல்தான், நூலைவிட மெல்லிய கோட்டை எந்தத் தறியும் போட்டுத் தராது. எழுத்தைத் தடிப்பாக்கு, புள்ளியைப் பெரிதாக்கிச் சற்று மேலே தூக்கி வைக்கச் சொல்.

தங்க நிறம் மேலிருந்து கீழே மங்கிக்கொண்டே வருகிறதே, அதுவும் திரையில்தான் ஜொலிக்கும். துணியில் அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக ஒரு வலைச்சட்டம் வேண்டும். இப்படி மங்குகிற நிறம் வேண்டுமென்றால் பொடிப்பொடிப் புள்ளிகளாக உடைத்துத்தான் அடிக்க வேண்டும். நீ விற்பது கண்டாங்கி, நம் காரைக்குடிப் பக்கத்துக் கைத்தறித் துணி, நூல் தடிப்பு, அதில் அந்தப் புள்ளிகள் சரியாக உட்காராது. பில் மெஷினில் வருவது கறுப்பு ஒன்றுதான், துணிப்பைக்கும் பெரும்பாலும் ஒரே நிறத்தில்தான் அடிப்பாய். ஆகவே கறுப்பு வெள்ளையில் நிற்கிறதா என்று முதலில் பார், நிறம் பிறகு.

கதவை எடுத்தால் என்ன வைப்பது என்று கேட்பாய். நீ விற்கிற துணியிலேயே இருக்கிறதே! கடுகு மஞ்சளில் அரக்குக் கரை, நடுவில் கட்டம். தெருமுனையில் போகிற அம்மாவைப் பார்த்தே கண்டாங்கி என்று சொல்லிவிடுகிறோம், காரணம் அந்தப் பட்டைக் கரைதான். தடித்த பட்டை ஒன்று, அதை ஒட்டி ஒல்லிப் பட்டை ஒன்று, பக்கத்தில் பெயர். போதும். லேபிளிலும் வரும், இன்ஸ்டாகிராமின் வட்டத்துக்குள்ளும் அடங்கும்.

ஒன்று மட்டும் கவனம். 'கண்டாங்கி' என்ற சொல்லை லோகோவுக்குள் போடாதே. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஊர்ப் பொருளின் பெயருக்கான சட்டப் பாதுகாப்பு, கிடைத்துவிட்டது, அந்தப் பெயரைப் போட்டு விற்பதற்கு முறை இருக்கிறது. நாளைக்கு விசைத்தறித் துணியில் ஒரு சட்டை தைத்து அதே லேபிளை வைத்தாயானால் வம்புதான். 'செட்டிநாடு' என்பதையும் தனியாக நம்பாதே, வெறும் ஊர்ப் பெயரை டிரேட்மார்க்காகப் பதிவது கஷ்டம். உன் கடைக்கென்றே ஒரு பெயர் இருக்கிறது, அதை முன்னால் நிறுத்து. டிரேட்மார்க் பதிவில் பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், உடைகளுக்கு 25ஆம் வகுப்பு. அதே மாதிரிப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று டிரேட்மார்க் தளத்தில் தேடிவிட்டு அப்புறம் விண்ணப்பம் போடு. தனிநபர் ஆன்லைனில் போட்டால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பதிவானால் 10 வருடம் செல்லும்.

இன்னொன்று, இனிமேல் யாரிடம் காட்டினாலும் "நல்லா இருக்கா?" என்று கேட்காதே. அப்படிக் கேட்டால் நம் ஊரில் யார் இல்லை என்று சொல்வார்கள்? சின்ன அளவில் காட்டு, சட்டென்று எடுத்துவிடு, என்ன பார்த்தீர்கள் என்று கேள். சொந்தக்காரர்கள் வேண்டாம். உன் சட்டையைத் தைக்கிற டெய்லரிடம் காட்டு, அவர் கையில் எத்தனை லேபிள் புரண்டிருக்கும்! கடைக்கு வருகிற, உன்னை யாரென்றே தெரியாத ஓர் ஆளிடமும் காட்டு. பெயரைத் தப்பாக வாசித்தால் சிரித்துவிட்டு விட்டுவிடாதே, எப்படி வாசித்தார் என்பதை அப்படியே எழுதி வை.

டிசைனரிடம் ஜேபெக் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடாதே, அவர் வரைந்த மூலமான கோரல்டிரா ஃபைலைக் கேட்டு வாங்கு. அது இல்லாமல் லேபிள்காரர் திரும்ப வரையச் சொல்வார், அதற்குத் தனிக் காசு. லேபிளுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடவில்லையே? கொடுக்காதே, முதலில் ஒரே ஒரு சாம்பிள் நெய்து தரச் சொல். வந்ததும் போட்டோ வேண்டாம், லேபிளையே கூரியரில் அனுப்பு. அப்பச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அண்ணன்