ராத்திரி டூட்டி டாக்டருங்களுக்கும் மருந்துக்கடை அண்ணன்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம். நான் சர்ஜரி வார்டுல ஸ்டாஃப் நர்ஸ், பத்தொம்பது வருஷமா கட்டு மாத்துறதுதான் பொழப்பு. மேல பாத்தா ஒண்ணும் தெரியாம உள்ளுக்குள்ள சதைய சாகடிக்கற ஒரு நோயப் பத்தித்தான் இந்த மடல். யாரையும் குத்தம் சொல்ல இத எழுதல, ஏன்னா இந்தக் கதையில மொத தப்பு பண்ணது நான்தான், அத மொதல்லயே ஒத்துக்கிட்டா மேற்கொண்டு பேச எனக்கும் கொஞ்சம் தைரியம் வரும்.

எங்க சித்தப்பாவுக்கு 58 வயசு, பன்னெண்டு வருஷமா சுகர், ஒரத்தநாடு பக்கம் வயலும் வரப்புமா இருக்கறவரு. ஒரு புதன்கிழமை வலது பாதத்துல கருவேல முள்ளு ஏறிடுச்சு, அவரே புடுங்கிப் போட்டுட்டு வேலைய பாத்திருக்காரு. மறுநாள் ராத்திரி ஒம்பது மணிக்கு எனக்கு போன். "பாப்பா, காலு கெண்டைச்சதை வரைக்கும் உசுரு போற மாதிரி வலிக்குது, ஆனா பாத்தா ஒண்ணுமே தெரியல, லேசா செவந்திருக்கு அவ்ளோதான்"னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "காலுக்கு ரெண்டு தலையணை வச்சு தூக்கி வச்சுக்கங்க சித்தப்பா, காலைல பாத்துக்கலாம்". அவர் சொன்ன அந்த ஒரே வாக்கியத்துலயே நோய் முழுசா இருந்துச்சு, பத்தொம்பது வருஷ சர்வீஸ் இருந்தும் அது என் காதுல விழல.

வெள்ளிக்கிழமை காலைல மருந்துக்கடையில ஒரு செட் மாத்திரை, கூடவே வலிக்கு ஒரு டைக்ளோஃபெனாக் ஊசி. வலி குறைஞ்சுச்சு, காய்ச்சலும் தெரியல, ஆள் எந்திரிச்சு டீ குடிச்சிருக்காரு. தொடை இடுக்குல நெறி கட்டியிருந்தத யாரும் பெருசா எடுத்துக்கல. மத்தியானம் கெண்டைக்கால்ல ரெண்டு கொப்புளம். பக்கத்து வீட்டு அத்தை அது அக்கின்னு முடிவே பண்ணி, பானை செய்யற வேளார் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி காவில அக்கி எழுதிட்டு வந்துட்டாங்க. சனிக்கிழமை விடியக்காலைல பேச்சு குழறுது, மூச்சு வாங்குது, 108ல ஏத்திக்கிட்டு வந்தாங்க. காவிக் கோட்ட ஈரத்துணியால தொடச்சுப் பாத்தா அடியில தோலு ஊதா கலர்ல, அங்கங்க கருப்பு. அப்ப வலிக்குதான்னு கேட்டா "இல்லம்மா, இப்ப வலியே இல்ல"ன்னு சிரிக்கிறாரு. எனக்கு கை நடுங்கிடுச்சு. வலி போனது நல்லதுக்கு இல்ல, அங்க இருந்த நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம்.

இதுக்குப் பேரு நெக்ரோடைசிங் ஃபேசியைடிஸ், பேப்பர்ல சதை தின்னும் பாக்டீரியான்னு போடுவாங்க. ஆட்டுக்கறி வாங்கும்போது சதை மேல வெள்ளையா ஒரு ஜவ்வு பாத்திருப்பீங்கல்ல, அதே மாதிரி நமக்கும் தோலுக்கும் தசைக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு, அதுதான் ஃபேசியா. கிருமி அந்த ஜவ்வு வழியா ஓடுது. போற வழியில இருக்கற சின்னச் சின்ன ரத்தக் குழாயெல்லாம் அடைச்சுக்கும். உமிக்குவியல்ல தீப்புடிச்சா மேல ஒண்ணும் தெரியாது, உள்ள கணகணன்னு போய்க்கிட்டே இருக்கும் பாருங்க, அப்படித்தான். அதனாலதான் ஆரம்பத்துல மேல லேசா செவப்பு, உள்ள தாங்க முடியாத வலி. காயத்துக்கு மீறின வலி. செவந்த எடத்தையும் தாண்டி வீக்கம், தொட்டா கல்லு மாதிரி கெட்டி. கொப்புளம், கருப்பு, அமுக்கினா நறநறன்னு காத்து, இதெல்லாம் தெரியிற நேரத்துல பாதி ஆட்டம் முடிஞ்சிருக்கும். காத்து வரவே வராத கேஸும் நெறைய உண்டு.

புதுசா வந்த வியாதியும் இல்ல இது. அமெரிக்க உள்நாட்டுப் போர் நேரத்துல ஜோசப் ஜோன்ஸ்னு ஒரு ராணுவ டாக்டர் சிப்பாய்ங்ககிட்ட பாத்து எழுதி வச்சிருக்காரு, 1952ல வில்சன்னு ஒரு டாக்டர் இப்ப சொல்ற பேர வச்சாரு. 2003ல சிங்கப்பூர் டாக்டருங்க 89 பேஷண்ட்ட வச்சு ஒரு ஆய்வு போட்டாங்க, அதுல அட்மிட் ஆகும்போதே இது இதுதான்னு சந்தேகப்பட்டது வெறும் 13 பேருக்கு. மிச்சப் பேருக்கெல்லாம் செல்லுலைட்டிஸ்ங்கற சாதா தோல் தொற்று, இல்ல சீழ்க்கட்டின்னுதான் நெனச்சிருக்காங்க. பெரிய ஆஸ்பத்திரியிலயே அந்த கதின்னா நடுராத்திரி தனியா உக்காந்திருக்கற உங்களுக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குப் புரியாம இல்ல. ஆனா அதே ஆய்வுல ஆபரேஷன் 24 மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போனா சாவு கூடுதுன்னும் இருக்கு.

டாக்டர் தம்பி தங்கச்சிங்களா, ரத்தப் பரிசோதனைய வச்சு இந்த நோயா இருக்குமான்னு கணிக்க லிரினெக் ஸ்கோர்னு ஒண்ணு போடுவீங்க, உடம்புல அழற்சியக் காட்டுற சிஆர்பி, வெள்ளணு, ஹீமோகுளோபின், சோடியம், கிரியாட்டினின், சுகர் ஆறையும் கூட்டி மொத்தம் 13க்கு, 6 வந்தா சந்தேகம். அதுவும் அந்த சிங்கப்பூர் டீம்தான் 2004ல குடுத்தது. ஸ்கோர் கூட இருந்தா ஓடுங்க, சரி. கம்மியா இருக்குன்னு வீட்டுக்கு அனுப்பாதீங்க, கம்மி ஸ்கோரோட வந்து மறுநாள் ஆபரேஷன் தியேட்டருக்குப் போனவங்களுக்கு நான் கட்டு மாத்தியிருக்கேன். சிடி ஸ்கேனும் அப்படித்தான். எடுக்கறதுல தப்பில்ல, அதுக்காக காத்திருக்கறதுதான் தப்பு. சந்தேகம் இருந்தா தோல ரெண்டு சென்டிமீட்டர் கீறி விரல உள்ள விட்டுப் பாப்பாங்க எங்க சர்ஜன் சார். நல்ல சதைன்னா ரத்தம் வரும், விரலுக்கு வழி விடாது. சித்தப்பாவுக்கு ரத்தமே வரல, கழனித் தண்ணி மாதிரி கலங்கலா ஒண்ணு வடிஞ்சுச்சு, விரல் வெண்ணையில போற மாதிரி மேல மேல போய்க்கிட்டே இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்த ரிப்போர்ட்டும் தேவைப்படல.

மருந்து மட்டும் குடுத்து ரெண்டு நாள் பாப்போம்ங்கறது இதுக்கு ஆகாது. ஆண்டிபயாடிக் ரத்தத்துலதான போகணும், ரத்தமே போகாத செத்த சதைக்கு அது எப்படிப் போய்ச் சேரும்? அதுக்காக மருந்து வேணாம்னு சொல்லல, எந்தக் கிருமின்னு பாக்கற கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோட மொத டோஸ் போயிடணும், பிப்டாஸோ மெரோபெனமோ, கூட வேங்கோமைசின், கிருமி விடுற விஷத்த அடக்க கிளிண்டாமைசின், டிரிப் நல்லா ஓடணும். இதெல்லாம் ஓடும்போதே ஆள் தியேட்டர் வாசல்ல இருக்கணும். செத்தது மொத்தமும் வெட்டி எடுக்கணும், மறுநாள் திரும்பத் தொறந்து பாக்கணும். இவ்ளோ பண்ணியும் நாலஞ்சு பேர்ல ஒருத்தர் பொழைக்கறதில்ல.

வந்தவங்ககிட்ட தண்ணியப் பத்தியும் கேளுங்க. மீன் முள்ளு குத்துச்சா, காயத்தோட கடல்ல எறங்கினாரா, குடிச்சு கல்லீரல் கெட்டவரா. அப்படின்னா கடல் தண்ணியில இருக்கற விப்ரியோங்கற கிருமியா இருக்கலாம், அதுக்கு டாக்ஸிசைக்ளின் சேக்கணும். இன்னொண்ணு, சொல்லவே கூச்சப்படற எடம். தொடை இடுக்கு, விதைப்பை, ஆசனவாய் பக்கம் இதே நோய் வந்தா ஃபோர்னியே கேங்க்ரீன்னு பேரு, 1883ல பாரிஸ் டாக்டர் ஒருத்தர் விவரிச்சது. நம்ம ஆம்பளைங்க லுங்கிய அவுத்துக் காட்ட வெக்கப்பட்டே நாலு நாள் கழிச்சு வருவாங்க, பொம்பளைங்களப் பத்தி கேக்கவே வேணாம். டாபாக்ளிஃப்லோசின் மாதிரி சுகர் மாத்திரைங்களுக்கு இந்த ஃபோர்னியே ஆபத்து உண்டுன்னு 2018லயே அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எச்சரிக்கை குடுத்திருக்கு. ரொம்ப அபூர்வம்தான், பயந்து யாரும் மாத்திரைய நிறுத்திடாதீங்க, ஆனா அத விக்கற அண்ணன் "அந்தப் பக்கம் வலி வீக்கம் வந்தா ஒடனே காட்டுங்க"ன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போகுது?

மருந்துக்கடை அண்ணங்களா, உங்க மேல எனக்குக் கோவம் இல்ல, ஊர்ல ராத்திரி பத்து மணிக்கு தொறந்திருக்கறது நீங்க மட்டும்தான். ஒண்ணே ஒண்ணு. சுகர்க்காரரு காலு வலின்னு வந்தா ஊசி போடறதுக்கு முன்னாடி வேட்டிய முட்டி வரைக்கும் தூக்கிப் பாருங்க. பாக்க ஒண்ணுமில்லாம வலி மட்டும் பேயா இருந்தா அந்த ஊசியப் போடாதீங்க, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ஊசி வலியையும் காய்ச்சலையும் அமுக்கிடும், உள்ள தீ அமுங்காது. எங்க சித்தப்பாவுக்கு அந்த வெள்ளிக்கிழமை முழுசும் அப்படித்தான் போச்சு.

நான் இப்ப ஒரு பழக்கம் வச்சிருக்கேன். கால் செவந்து யார் வந்தாலும் சட்டைப் பையில இருக்கற பால்பாயிண்ட் பேனாவ எடுத்து செவப்போட ஓரத்துல கோடு போட்டு பக்கத்துலயே மணி எழுதிடுவேன். ஒரு மணி நேரம் கழிச்சு வந்து பாப்பேன். கோட்டத் தாண்டியிருந்தா சர்ஜனுக்கு போன், மூணு மணியா இருந்தாலும் சரி. "என்னம்மா, செல்லுலைட்டிஸுக்கெல்லாம் எழுப்புவியா"ன்னு ரெண்டு தடவ திட்டு வாங்கியிருக்கேன். நீங்களும் வாங்குங்க.

சித்தப்பாவுக்கு சனிக்கிழமை கணுக்கால்ல இருந்து முட்டி வரைக்கும் தொறந்தாங்க, ஞாயித்துக்கிழமை திரும்பத் தொறந்து பாத்துட்டு முட்டிக்குக் கீழ எடுத்துட்டாங்க. 41 நாள் கழிச்சு வீட்டுக்குப் போனாரு. இப்ப செயற்கைக் கால் போட்டு வரப்பு வரைக்கும் நடக்குறாரு. அந்த வியாழக்கிழமை போனப் பத்தி அவர் இதுவரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்ல.