ஒரு நாள் கலையரங்கைத் தாருங்கள்: கல்லூரி முதல்வர்களுக்கும் கணினித் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளின் மதிப்பிற்குரிய முதல்வர்களுக்கும் கணினித் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

மாணவர்கள் தங்கள் சொந்த மடிக்கணினிகளைக் கல்லூரிக் கலையரங்கிற்குக் கொண்டுவந்து, அவற்றைக் கேபிள் வழியாக இணைத்து, ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்யும் கிளஸ்டராக ஒரு பகல் முழுதும் இயக்கிப் பார்த்து, மாலையில் கழற்றி எடுத்துச் செல்ல நீங்கள் இசைவு தர வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். கல்லூரி ஆய்வகங்களில் நெட்வொர்க் பணி பார்த்தவன் என்ற முறையில், இத்தகைய விண்ணப்பங்கள் எந்தக் காரணங்களால் மறுக்கப்படுகின்றன என்பதை அறிவேன். அந்தக் காரணங்கள் பெரும்பாலும் நியாயமானவை என்பதால் அவற்றிற்கும் பின்னால் வருகிறேன்.

இம்முயற்சிக்கு முன்னோடி உண்டு. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேட் மில்லர் நடத்திய, சூப்பர் கணினியை நாமே அமைத்துக்கொள்வது பற்றிய முதுநிலை வகுப்பில் பிறந்த யோசனையை, மாணவர் ஜான் விட்செல், பேராசிரியர் கிரெக் பென்சன் உள்ளிட்டோர் சேர்ந்து 2004 ஏப்ரல் 3 அன்று பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்தில் நடத்திக் காட்டினார்கள். ஏறத்தாழ 700 கணினிகள் அங்கே கூடின. உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில் ஒரே நாளில் இடம்பிடிப்பதே அவர்கள் நோக்கம். அன்று அதற்கு 400 கிகாஃபிளாப்ஸுக்கு மேற்பட்ட வேகம் தேவைப்பட்டது (ஒரு கிகாஃபிளாப்ஸ் என்பது விநாடிக்கு நூறு கோடிக் கணிதச் செயல்கள்). 256 கணினிகளைக் கொண்டு 180 கிகாஃபிளாப்ஸ் வரை எட்டிய ஓட்டம், கணக்கில் முக்கால் பங்கு முடிந்திருந்தபோது ஒரு கணினி பழுதானதால் நின்றுபோயிற்று. முழுமையாக முடிந்த ஓட்டங்களில் சிறந்தது 150 கணினிகளில் கிடைத்த 77 கிகாஃபிளாப்ஸ்தான். பட்டியலில் இடம் கிடைக்கவில்லை.

அந்தத் தோல்வியின் காரணம் நம் மாணவர்களுக்கு ஒரு வெற்றியைவிடப் பயன்படும் என்பது என் எண்ணம். வேகத்தை அளக்கப் பயன்படும் லின்பேக் சோதனை, ஒரு மாபெரும் நேரியல் சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்க்கிறது. அதன் எண்களின் அணியை (மேட்ரிக்ஸ்) எல்லாக் கணினிகளுக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்து, ஒவ்வொரு படியிலும் இடைவிடைகளை ஒன்றுக்கொன்று அனுப்பச் செய்கிறது. ஆகவே ஒரு கணினி நின்றால் அனைத்தும் நிற்கும். ஒன்று மந்தமானால் மற்றவை அதற்காகக் காத்திருக்கும். கணினிகளைக் கூட்டக் கூட்ட வேகத்திற்கான வாய்ப்பு மட்டுமன்றி முறிவுக்கான வாய்ப்பும் கூடுகிறது. இணைக் கணிமையை விருப்பப் பாடமாக எடுக்கும் மாணவர் இதை விடைத்தாளில் எழுதிவிடுவார். ஆனால் பழைய விலையில்லா மடிக்கணினி ஒன்றுக்காக, விளையாட்டுக்கென வாங்கிய விலையுயர்ந்த மடிக்கணினி சும்மா காத்திருப்பதைத் திரையில் பார்த்தவர் அதை எளிதில் மறக்கமாட்டார்.

ஒரு வகுப்பிற்குள் அடங்கும் அளவிலேயே கணக்கிட்டுப் பார்க்கலாம். நாற்பது மடிக்கணினிகளில் ஒவ்வொன்றும் 4 ஜிபி நினைவகத்தை ஒதுக்கினால், மொத்தம் 160 ஜிபியில் ஏறத்தாழ 1,41,000 மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதி அடங்கும். அதைத் தீர்க்க ஏறத்தாழ 1,900 லட்சம் கோடிக் கணிதச் செயல்கள் வேண்டும். விநாடிக்கு ஒரு லட்சம் கோடி கைகூடினால் அரைமணி நேரம் ஆகும். கைகூடுமா என்பதை நெட்வொர்க்கும் வெப்பமுமே தீர்மானிக்கும். எல்லாக் கணினிகளும் ஒரே அலைவரிசையைப் பகிரும் வைஃபையில் இந்தச் சோதனை தவழும். கணினிகளைக் கேபிள் வழியாக இணைக்கும் கிகாபிட் நெட்வொர்க் ஸ்விட்சில் நடக்கும். மெல்லிய மடிக்கணினிகள் சில நிமிடங்களில் சூடேறித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்போது வேகத்தைக் காட்டும் வரைகோடு சரிவதையும் மாணவர்கள் காண்பார்கள். அடுத்ததாக, பிளெண்டர் என்னும் முப்பரிமாண அசைவூட்ட மென்பொருளில் ஓர் அசைவூட்டக் காட்சியை ஃபிரேம் ஃபிரேமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு கணினி நின்றால் அதன் ஃபிரேமை வேறொன்று எடுத்துக்கொள்ளும், வேலை தொடரும். எந்தச் சிக்கலைப் பிரிப்பது எளிது, எதைப் பிரிப்பது கடினம் என்பது அந்த இரண்டு ஓட்டங்களிலேயே தெரிந்துவிடும்.

திருச்சி என்.ஐ.டி.யில் 2022 முதல் 838 டெராஃபிளாப்ஸ் (ஒரு டெரா ஆயிரம் கிகா) திறனுடைய பரம் பொருள் என்னும் சூப்பர் கணினி இயங்குகிறதே, தனியொரு கிராபிக்ஸ் கார்டே இந்த நாற்பது மடிக்கணினிகளை முந்திவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான்; வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இம்முயற்சி வீண். ஆனால் பரம் பொருளில் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இரண்டாமாண்டு மாணவர் கேபிளைப் பிடுங்கி என்ன ஆகிறது என்று பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. கலையரங்கில் அதைத் தாராளமாகச் செய்யலாம்.

இனி உங்கள் கவலைகள். மாணவர்களின் கோப்புகளுக்கு ஆபத்து வராதிருக்க, எல்லாக் கணினிகளையும் ஒரே மாதிரியான லைவ் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து, அதாவது கணினியில் எதையும் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸிலிருந்து, தொடங்க வேண்டும். உள்ளிருக்கும் வன்தட்டை மவுண்ட் செய்யக் கூடாது, அதாவது அதன் கோப்புகளைத் திறக்கும்படி இணைக்கக் கூடாது. ஒன்றை மட்டும் ஒருங்கிணைப்பாளர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: பயாஸ் எனப்படும் தொடக்க அமைப்புத் திரைக்குள் போய், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பை அணைக்க வேண்டாம். அணைத்தால், விண்டோஸின் பிட்லாக்கர் என்னும் வன்தட்டுப் பூட்டு உள்ள கணினிகள் மறுமுறை விண்டோஸுக்குத் திரும்பும்போது 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அது எங்கே இருக்கிறது என்று பல மாணவர்களுக்குத் தெரியாது. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகிய லினக்ஸ் வகைகள் செக்யூர் பூட்டை அணைக்காமலே தொடங்கும்.

உங்கள் நெட்வொர்க் நிர்வாகியின் அச்சம் வேறு. கிளஸ்டருக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி சர்வர் தவறுதலாகக் கல்லூரி நெட்வொர்க்கோடு இணைந்துவிட்டால், அலுவலகக் கணினிகள் வரை தவறான முகவரி பெற்றுத் தடுமாறும். ஆகவே தனி ஸ்விட்சுகள், தனி கேபிள்கள், கல்லூரிச் சுவர் சாக்கெட்டில் எதையும் செருகக் கூடாது என்ற ஒரே விதி ஆகியவை போதும். இணையமும் தேவையில்லை. லேன் போர்ட் இல்லாத மடிக்கணினிகள் இன்று நிறைய என்பதால் யுஎஸ்பி அடாப்டர்களை முன்கூட்டியே இரவல் வாங்கிவைக்க வேண்டியிருக்கும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஒரு மடிக்கணினிக்கு 65 வாட் எனக் கொண்டால் நாற்பதுக்கும் 2,600 வாட் ஆகிறது. அது பெரிய சுமையன்று. ஆனால் 6 ஆம்பியர் சாக்கெட் ஒன்று 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது என்பதால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகாமல் சுமையை வெவ்வேறு சர்க்கியூட்டுகளில் பிரித்துத் தரக் கல்லூரி எலக்ட்ரீஷியன் அன்று உடனிருக்க வேண்டும். மின்வெட்டு வந்தால் மடிக்கணினிகள் பேட்டரியில் ஓடும், ஸ்விட்ச் அணைந்துவிடும், அதோடு ஓட்டமும் முடிந்துவிடும். ஸ்விட்சுகளுக்கு ஒரு சிறிய யுபிஎஸ் கொடுத்தால் இது தீரும். இதை மறப்பவர்களே அதிகம்.

இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. எனவே கருவி இல்லை என்று சொல்வதற்கு இனி இடம் குறைவு. நான் உங்களிடம் பணமும் கேட்கவில்லை. தேர்வுகள் நெருங்காத ஒரு சனிக்கிழமை, கலையரங்கின் சாவி, எலக்ட்ரீஷியன், பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவர், மாணவர் தம் விருப்பத்தின் பேரிலேயே கணினியைக் கொண்டுவருகிறார் என்பதற்கான ஒப்புதல் படிவம் ஆகியவை இருந்தால் போதும். பட்டியலில் இடம், சாதனை, பத்திரிகைச் செய்தி என்று எந்த இலக்கையும் அந்த நாளின் மேல் ஏற்றாமலிருக்கவும் வேண்டுகிறேன். ஓட்டம் பாதியில் நின்றால், ஏன் நின்றது என்று மாணவர்கள் எழுதித் தரும் இரண்டு பக்க அறிக்கையை ஆய்வக மதிப்பெண்ணில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் ஆய்வக நெட்வொர்க் நிர்வாகி ஒருவர்