எங்கள் பொலிரோவுக்குக் கொக்கி மாட்ட உதவியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மண்டபம், பாம்பன், இராமநாதபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்தபந்தங்களுக்கும் தெருக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டு பொலிரோ பின்னால் டிரெய்லரையும், அதன் மேல் கொழுந்தனாரின் பைபர் வள்ளத்தையும் இழுத்துக்கொண்டு தென்கடல் கரையிலிருந்து வடகடல் கரைக்குப் போனதை நிறையப் பேர் பார்த்தீர்கள். "எங்கே மாட்டினீங்க, யார் மாட்டிக் கொடுத்தது?" என்று கடைத்தெருவில் நிறுத்திக் கேட்கிறீர்கள். மாட்டியது எங்கள் தெருவிலேயேதான். மாட்டியவர்கள் யார் யார் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்டதைச் செய்து கொடுத்தவர்கள் பலர் உண்டு. "அதை மட்டும் நான் செய்ய மாட்டேன்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. இவர்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

வெளியூரில் இருக்கும் சொந்தங்களுக்காக ஒரு விளக்கம். மண்டபத்தில் நிலம் ஒடுக்கம். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் பொங்கும், வடகடல் அடங்கிக் கிடக்கும். வாடை தொடங்கினால் அப்படியே தலைகீழ். சிறு வள்ளம் வைத்திருப்பவர்கள் காற்றுக்கு ஏற்பக் கரை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் லோடு வண்டி பிடித்து, ஏற்ற நாலு ஆள், இறக்க நாலு ஆள், அவர்களுக்கு டீ, வடை என்று தம்பியின் (கொழுந்தனாரைத்தான் சொல்கிறேன்) காசு கரைந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் ஒரு பொலிரோ சும்மா நிற்கிறது. அதன் பின்னால் ஒரு கொக்கி இருந்தால் போதுமே என்று சவூதியிலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார். அங்கே பார்க்கிற வண்டியில் எல்லாம் இருக்கிறதாம். சொல்வது எளிது, அவர் அங்கே இருக்கிறார்.

முதல் நன்றி வெல்டிங் பட்டறை அண்ணனுக்கு. தம்பி அவரிடம் போய், "பம்பரில் ஒரு தகடு வைத்து, அதில் டிரெய்லர் மாட்டுற உருண்டையை வெல்டு பண்ணிக் கொடுங்கண்ணே, ஒரு மணி நேர வேலைதானே" என்று கேட்டார். அண்ணன் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பம்பர் இடியைத் தாங்குறதுக்கு இருக்குப்பா, இழுக்குறதுக்கு இல்ல." இழுக்கும் பாரம் நேரே வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போக வேண்டும். பொலிரோவுக்கு ஏணி மாதிரியான தனிச் சேஸிஸ் இருப்பது நல்லதாய்ப் போயிற்று. அதிலும் வெல்டு வைக்கக் கூடாது என்றார். சூடு பட்ட இடத்தில் இரும்பின் தன்மை மாறும், உள்பக்கத்துப் பெயின்ட் கருகும், அப்புறம் நம் ஊர் உப்புக் காற்று அங்கேயே குடியேறிவிடும். "இந்த வண்டிக்கென்றே செய்த கிட் வாங்கு, போல்ட்டில் மாட்டு" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கைக்கு வந்த கூலியை வேண்டாம் என்றவரை இந்தக் காலத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை.

கிட் பார்சலில் வந்தது. குறுக்கே ஒரு கனத்த இரும்புக் குழாய், இரண்டு பக்கமும் காதுத் தகடுகள், நடுவில் சதுரத் துளை, அதில் செருகும் கைப்பிடி, 50 மில்லிமீட்டர் உருண்டை, ஒரு பை போல்ட். எங்கள் வாசலோ முழுக்க மணல். மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். கருவாடு போடும் அக்கா இதைக் கேள்விப்பட்டு, காய்ந்துகொண்டிருந்த நெத்திலியை எல்லாம் வாரி ஓரமாகத் தார்ப்பாயில் கொட்டிவிட்டு, தன் சிமென்ட் களத்தைக் காலி பண்ணிக் கொடுத்தார். வெயில் நாளில் களத்தைக் கொடுப்பது என்றால் என்ன என்று அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அக்கா, உங்களுக்கு நன்றி. உங்கள் நெத்திலி வாசனை எங்கள் வண்டியின் அடியில் இன்னும் இருக்கிறது, அது வேறு விஷயம்.

களத்தில் வேலை நடத்தியது எதிர்வீட்டு பாலிடெக்னிக் பிள்ளை. தாளில் இருந்த படத்தைப் பார்த்து எந்தத் துளைக்கு எந்த போல்ட் என்று அவள் சொல்லச் சொல்ல, தம்பியும் அவருடைய கூட்டாளிகளும் செய்தார்கள். முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியைத் தூக்கியதும் ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் யாரையும் அடியில் போகவிட்டாள். அவள் வயதில் எனக்கு அவ்வளவு கண்டிப்பு இருந்ததில்லை. குழாயைக் கையால் தாங்கிக்கொண்டே போல்ட் மாட்ட முடியாது. பழைய வள்ளத்துப் பலகையை இன்னொரு ஜாக்கியின் மேல் வைத்து, அதில் குழாயைக் கிடத்தி மெதுவாக ஏற்றினார்கள்.

ஒரு சிக்கல் வந்தது. சில போல்ட்டுகளைச் சேஸிஸ் குழாயின் உள்ளே இருந்து வெளியே நீட்ட வேண்டும். கை நுழையாது. இதற்கென்று கிட்டில் ஒரு சுருள் கம்பி கொடுத்திருந்தார்கள். கம்பியைத் துளை வழியாக உள்ளே விட்டு, பக்கத்துப் பெரிய ஓட்டை வழியாக வெளியே எடுத்து, அதன் நுனியில் போல்ட்டைத் திருகி, இழுத்தால் போல்ட் தன் துளைக்கு வந்து நிற்கும். அந்தக் கம்பி சீக்கிரமே நெளிந்து வீணாகிவிட்டது. பையன்கள் அசரவில்லை. சீலா மீன் தூண்டிலுக்குப் போடும் கம்பியை எடுத்து வந்து வேலையை முடித்தார்கள். ஆளுக்கொரு யோசனை, ஆளுக்கொரு சத்தம். தம்பிமார்களே, உங்களுக்கு நான் போட்ட பிரியாணி அந்தக் கூத்துக்கு ஈடாகாது.

அடுத்து பாம்பன் இன்ஜின் மெக்கானிக் மாமா. கிட்டோடு வந்த போல்ட்டுகளைப் பார்த்துவிட்டு என் அத்தை, "இது துருப்பிடிச்சுப் போயிருமே, படகுக்குப் போடுற மாதிரி ஸ்டெயின்லெஸ் போடலாமே" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மாமாவிடம் வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினோம். அவர் போல்ட்டைக் கொடுக்கவில்லை, நேரில் கிளம்பி வந்துவிட்டார். கிட்டில் இருந்த போல்ட்டின் தலையைத் திருப்பி, அதில் 8.8 என்று அடித்திருந்த எண்ணைக் காட்டினார். அது பலத்தின் கணக்கு. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட் அந்த அளவு இழுவைக்கு வராது, முன்னதாகவே நீண்டுவிடும் என்றார். இன்னொன்றும் சொன்னார். சாதாரண இரும்போடு ஸ்டெயின்லெஸைச் சேர்த்து இறுக்கி, நடுவே உப்புத் தண்ணீரும் போனால், அரிப்பு போல்ட்டை விட்டுவிட்டுச் சேஸிஸைத் தின்னும். வாழ்நாள் முழுக்க ஸ்டெயின்லெஸ் விற்பவர் அதை விற்க மறுத்தார் என்றால் காரணம் இருக்கும் என்று அத்தையும் விட்டுவிட்டார். தகடு உட்காரும் இடங்களைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்துக் காயவிட்ட பிறகுதான் மாட்டச் சொன்னார், அப்படியே செய்தோம்.

முடுக்குவதற்கு டார்க் ரெஞ்ச் இரவல் கொடுத்தவர் இராமநாதபுரத்தில் லாரி பட்டறை வைத்திருக்கும் சித்தப்பா. எங்கள் கிட்டின் தாளில் 80 நியூட்டன் மீட்டர் என்று போட்டிருந்தது. அந்த அளவு வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும், அத்தோடு நிறுத்த வேண்டும். கைப்பலத்தைக் காட்ட நினைத்த பையன்களுக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். சித்தப்பா போட்ட நிபந்தனை இரண்டு. அதை வைத்து எந்த போல்ட்டையும் கழற்றக் கூடாது, வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி வைக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி முடுக்கிப் பார்க்கச் சொன்னார். பார்த்தோம், ஒரு போல்ட் கொஞ்சம் இடம் கொடுத்தது.

வயரிங் வேலையை ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து செய்தார். பின் விளக்கு வயரைச் சீவி அதிலேயே முறுக்கிவிடுவதுதான் எல்லாரும் செய்வது. அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டிரெய்லரின் பல்புகளும் அதே வயரில் தொங்கினால் வண்டியின் சர்க்யூட்டுக்குச் சுமை, இண்டிகேட்டர் தாளமும் கெடும். பேட்டரியிலிருந்து பியூஸ் வைத்துத் தனி லைன் இழுத்து, ரிலே பெட்டி வழியாகக் கொடுத்தார். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, வெள்ளை எர்த் என்று என்னையும் மனப்பாடம் செய்ய வைத்தார். கடலோரத்தில் டிரெய்லர் விளக்கு எரியவில்லை என்றால் முதலில் வெள்ளையைப் பார் என்பது அவர் வாக்கு.

இனி ஏலக்காரர் மாமா. இவருடைய தராசு இல்லை என்றால் இந்த மடலை நான் இவ்வளவு நிம்மதியாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். டிரெய்லரின் மூக்கு கொக்கியை அழுத்தும் எடை, மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருக்க வேண்டும் என்று தாளில் இருந்தது. குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். இன்ஜின் பழுது என்றால் நாங்கள் பாம்பன்தான் போக வேண்டும். அதாவது 1988ல் திறந்த அந்த இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான பாலத்தில், பக்கவாட்டுக் காற்றில் போக வேண்டும். காற்று அளவு மீறினால் ரயிலையே நிறுத்தி வைக்கும் இடம் அது.

எடைமேடையில் டிரெய்லர், வள்ளம், இன்ஜின் எல்லாம் சேர்த்து 460 கிலோ வந்தது. அப்படியானால் மூக்கில் குறைந்தது 46 கிலோ வேண்டும். விடியற்காலை ஏலம் முடிந்ததும் மாமா மீன் நிறுக்கும் தராசைக் கொண்டு வந்தார். அதன் மேல் கட்டையை நிறுத்தி, கொக்கியின் உயரத்துக்கே மூக்கு வரும்படி வைத்து நிறுத்துப் பார்த்தால் 18 கிலோதான். இன்ஜின் பின்னால் தொங்கியது மூக்கைத் தூக்கிக்கொண்டிருந்தது. தம்பி, "பரவாயில்லை, ரொம்ப தூரமா போகப் போறோம்?" என்றார். மாமா தராசை எடுக்க விடவில்லை. இன்ஜினைக் கழற்றி, வள்ளத்தின் முன்பக்கம் பழைய வலையை மெத்தை போல விரித்து அதில் கிடத்திய பிறகு 52 காட்டியது. "இப்ப எடுத்துட்டுப் போ" என்றார். மீன் எடையில் அவர் கறார் என்று ஊரில் சிலருக்கு வருத்தம் உண்டு. எனக்கு இனி இல்லை.

டிரெய்லரோடு பின்னால் வருவதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் டிராக்டர் ஓட்டும் பெரியப்பா. "ஸ்டீயரிங்கோட அடியில கைய வை. டிரெய்லர் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையத் தள்ளு" என்றார். அவ்வளவுதான் பாடம். வலது இடது குழப்பம் அத்தோடு தீர்ந்தது. ஓய்வு பெற்ற கிளார்க் சார் சட்டத்தைச் சொன்னார். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான், அதற்கும் பதிவு வேண்டும். வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றி 52ஆம் பிரிவு பேசுகிறது, அதனால் கேட்டுவிட்டுச் செய், இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடு என்று விண்ணப்பத்தை அவரே எழுதியும் தந்தார்.

என் வீட்டுக்காரருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும், இல்லை என்றால் போனில் கேட்பார். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் மூக்குக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகப் போட வேண்டும், அப்போதுதான் கொக்கி கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலியில் விழும் என்று வீடியோவில் காட்டச் சொல்லிச் சரிபார்த்தவர் அவர்தான். கரைக்கு வந்ததும் வயரைக் கழற்று, சக்கரத்தின் நடுப்பகுதி சூடு ஆறும் வரை கடலில் இறக்காதே என்பதும் அவர் சொன்னதுதான். சூடாக இருக்கும் பேரிங் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் உள்ளே உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவும் வேலை அத்தையுடையது. இந்த ஊர்த் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஒரு டிரெய்லருக்கு இரண்டு குடம் ஒதுக்குவது அத்தைக்குச் சின்ன விஷயமில்லை.

தெருவில் நடப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிரெய்லர் இல்லாத நாட்களில் உருண்டையைக் கழற்றித்தான் வைக்கிறோம். நம்பர் பிளேட்டையும் மறைக்கும், இருட்டில் யார் கெண்டைக்காலையும் பதம் பார்க்கும். மறந்து மாட்டியே இருந்தால் கண்ணில் படட்டும் என்று மகன் ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்தை அறுத்து அதற்குத் தொப்பி போட்டிருக்கிறான். அந்தப் பந்தை எடுத்து விளையாடும் பிள்ளைகள் தயவு செய்து திருப்பி மாட்டிவிடவும்.

வாடைக்கு முன்னால் வள்ளத்தைக் கரை மாற்ற நினைப்பவர்கள் தம்பியிடம் முதல் நாளே சொல்லுங்கள். டீசல் உங்களுடையது, வண்டி எங்களுடையது. வள்ளம் எடைமேடை ஏறாமல், மூக்கு தராசில் உட்காராமல் நான் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சித்தப்பா, டார்க் ரெஞ்ச் பத்திரமாக இருக்கிறது, ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தம்பி கொண்டு வந்து கொடுப்பார்.

அன்புடன்,
பொலிரோ வீட்டு மருமகள், மண்டபம்