தொலைபேசி மணி அடிக்கும் முடிவு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவை முடிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் வேலைக்காக வெளியூர் போய்விட்டாள். வீட்டில் நானும் உன் தங்கச்சியும்தான். ராத்திரி டிவி ரிமோட்டுக்கு இப்போது சண்டை இல்லை.

‘லோக்கல் ஹீரோ’ படத்தைப் பாதி பார்த்துவிட்டு, ‘கதையே நகரவில்லை, யாரப்பா இந்த ஆள்?’ என்று கேட்டிருந்தாய். அதை எழுதி இயக்கிய பில் ஃபோர்சித். 1946இல் பிறந்தவர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோக்காரர். பதினேழு வயதில் பள்ளியை விட்டதும், நிறுவனங்களுக்காகக் குறும்படம் எடுத்துக் கொடுக்கும் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். கதைப்படம் எடுக்க ஆசைப்பட்டால் லண்டனுக்குப் போக வேண்டிய காலம் அது. இவர் போகவில்லை.

‘கிரெகரிஸ் கேர்ள்’ திரைக்கதையை எழுதி வைத்துக்கொண்டு பணத்துக்கு அலைந்தார். யாரும் தரவில்லை. சரி என்று கிளாஸ்கோ இளைஞர் நாடகக் குழுப் பையன்களைக் கூட்டிக்கொண்டு, சில ஆயிரம் பவுண்டில் வேறொரு படம் எடுத்தார். வேலையில்லாத பையன்கள் எவர்சில்வர் சிங்க்குகளைத் திருடக் கிளம்பும் கதை. 1979இல் எடின்பரோ திரைப்பட விழாவில் அது பேசப்பட்ட பிறகுதான் கிரெகரிக்கு வழி பிறந்தது, சுமார் 2 லட்சம் பவுண்டில். கம்பர்நால்டு என்ற புதுநகரத்துப் பள்ளி, அங்கே பையன்களைவிட நன்றாகப் பந்தாடும் ஒரு பெண். தன் இடத்தை அவளிடம் பறிகொடுத்துவிட்டு கோல் காக்கப் போகும் நெட்டைப் பையன் அவளையே காதலிக்கிறான். திரைக்கதைக்கு பிரிட்டனின் பெரிய சினிமா விருதான பாஃப்டா கிடைத்தது. அந்த ஊர்ப் பேச்சு புரியாது என்று அமெரிக்காவுக்கு மட்டும் குரலை மாற்றிப் பதிந்தார்களாம்!

1981இல் பிபிசிக்காக எடுத்த ‘ஆண்ட்ரினா’ பலருக்குத் தெரியாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவில் ஒரு கிழ மாலுமி, தினமும் சாயங்காலம் அவரைப் பார்க்க வரும் ஒரு பெண். ஒரு நாள் அவள் வரவில்லை. விசாரித்தால், அப்படி ஒரு பெண்ணே இந்த ஊரில் இல்லை என்கிறார்கள். மிச்சத்தை நீயே பார்.

இப்போது உன் படத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து எண்ணெய் கம்பெனி ஒன்று, சுத்திகரிப்பு ஆலைக்காக ஸ்காட்லாந்தில் ஒரு கடற்கரை ஊரையே விலைக்கு வாங்க ஆள் அனுப்புகிறது. ஊர்க்காரர்கள் கொடி பிடிப்பார்கள் என்று நாம் உட்கார்ந்திருக்க, அவர்களோ எப்போது பணம் வரும் என்று துடிக்கிறார்கள். வில்லனே கிடையாது. முதலாளியாக வரும் பர்ட் லங்காஸ்டருக்கு எண்ணெயைவிட வானத்து நட்சத்திரங்கள்தான் முக்கியம். கடைசியில், ஊரை வாங்க வந்தவன் ஹூஸ்டன் திரும்புகிறான். அவன் அந்த ஊரிலேயே தங்கிவிடுவதாக முடிக்கச் சொன்னது ஸ்டுடியோ. ஃபோர்சித் அதற்கு இணங்காமல், ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த காட்சி ஒன்றைச் சேர்த்தார்: அந்த ஊரின் சிவப்புத் தொலைபேசிக் கூண்டு, அதில் மணி அடிக்கிறது, அவ்வளவுதான். யார் கூப்பிடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

அவருடைய வித்தை முழுவதும் இந்தச் சொல்லாமல் விடுவதில்தான் இருக்கிறது. பின்னால் ஹாலிவுட்டில் அடி வாங்கியதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். 1994இல் ராபின் வில்லியம்ஸை வைத்து ‘பீயிங் ஹியூமன்’. ஐந்து காலங்களில் ஐந்து வாழ்க்கை, ஒரே நடிகர். ஸ்டுடியோ படத்தை வெட்டியது. பார்ப்பவர்களுக்குப் புரியாது என்று விளக்கக் குரல் ஒன்றையும் மேலே ஏற்றினார்கள். மௌனத்தை நம்பிய மனிதரின் படத்தில் விடாமல் பேசும் குரல்! படம் வந்த சுவடே தெரியவில்லை. 1999இல் கிரெகரியை ஆசிரியராக்கி ஒரு தொடர்ச்சி எடுத்தார், எனக்கு ஒட்டவில்லை. அதற்குப் பிறகு சினிமாவே எடுக்கவில்லை. தோற்று ஓடிவிட்டார் என்று சிலர் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு முடிவுக்கும் யாரிடமாவது மல்லுக்கட்டுவது அந்த மனிதரின் சுபாவத்துக்கே ஆகாத வேலை.

மிச்சப் பாதியை சப்டைட்டில் போட்டுப் பார். அப்புறம் 1987இல் வந்த ‘ஹவுஸ்கீப்பிங்’ கிடைத்தால் விடாதே. அவர் வெளியே போய் எடுத்ததில் அது ஒன்றுதான் அவர் கையெழுத்து மாறாமல் இருக்கிறது. நீ பார்த்ததும் எழுது, சண்டை போடலாம்.

தங்கச்சி உனக்கு எலுமிச்சை ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்களா என்று கேட்கிறாள், மறக்காமல் பதில் போடு.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்